கேட்டுத் தெரிந்துகொண்ட முகம்

அரிசி மாவில் முகத்தைப் புதைத்து எடுத்தாற்போல இருந்தது அந்த அக்காவின் முகம். சன்னிவேலில் ஓர் ஆரம்பப் பள்ளியின் மைதானம், உச்சி வெயில். ஆரஞ்சு நிற வெஸ்ட், கழுத்தில் விசில், தலையில் அகலமான தொப்பி. எனக்கும் அதே வெஸ்ட், அதே விசில். மதிய இடைவேளையில் பிள்ளைகள் கீழே விழாமல், அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது எங்கள் இருவரின் வேலை. யார்டு டூட்டி என்பார்கள். நிழல் கிடையாது. அந்த வெயிலுக்காகத்தான் அக்கா முதல் முறையாக சன்ஸ்கிரீன் வாங்கிப் பூசிக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடி வந்து, உங்கள் முகம் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நானாக இருந்தால் பாத்ரூமுக்கு ஓடிப்போய்க் கழுவியிருப்பேன். அக்கா முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, நீ எதைப் போட்டிருக்கிறாய், உனக்கு மட்டும் வெள்ளையாக இல்லையே என்று திருப்பிக் கேட்டார். அவள் மிகவும் பொறுப்பாக விளக்கினாள். குச்சி மாதிரி ஒன்று இருக்கிறது, அம்மா அதைத் தேய்த்துவிடுவாள், தேய்த்ததும் வெளியே ஓடக் கூடாது, காய வேண்டும். அக்கா அத்தனைக்கும் தலையாட்டினார். அடுத்த வாரம் டால்ஃபின் படம் போட்ட, குழந்தைகளுக்கான அந்தக் குச்சியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வந்ததும் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து, சரியாகப் பூசியிருக்கிறேனா என்று முகத்தைக் காட்டினார். காதை விட்டுவிட்டீர்கள் என்றாள் அவள்.

அவருடைய பெயரை எழுதவில்லை. எழுதினால் இந்தப் பக்கத்துத் தமிழர்களில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். அவரிடம் ஏதாவது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாதவர்கள் இங்கே குறைவு. மில்பிடாஸ் காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு சீனத்து அம்மாளிடம், அவர் கூடையில் இருந்த கீரையை எப்படிச் சமைப்பது என்று சைகையிலேயே கேட்டு, சைகையிலேயே பதிலும் வாங்கி, அன்றைக்கே வீட்டில் சமைத்தவர் அவர். எதைக் கேட்டாலும் முதலில் ஒன்று சொல்வார். "எனக்கு ஒண்ணும் தெரியாது, மொதல்லேர்ந்து சொல்லுங்க." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கூச்சத்தின் சாயல்கூட இருக்காது.

அவர் படித்தவராக இருந்திருந்தால் நான் இவ்வளவு பொறாமைப்பட்டிருக்க மாட்டேன். படிப்பு கொடுத்த தைரியம் என்று மனதைச் சமாதானம் செய்திருப்பேன். அவர் மதுரைப் பக்கம், நான் தாராபுரம் பக்கம். இரண்டு பேரும் பன்னிரண்டாவதோடு நிறுத்தியவர்கள். இரண்டு பேரும் கணவரின் வேலைக்காக இங்கே வந்தவர்கள். அவருடைய ஆங்கிலம் என் ஆங்கிலத்தைவிட மோசம். நான் பேசினால் தப்பு வந்துவிடுமே என்று வாயைத் திறக்க மாட்டேன். அவர் தப்பைப் பற்றி நினைக்காமலேயே பேசி முடித்துவிடுவார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், ஐம்பதைத் தாண்டியவர். அந்த வயதில்தான் முகத்துக்கு என்ன போடுவது என்று கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். கற்றுக்கொடுத்தது என் மகள்.

ஒரு சனிக்கிழமைக் காலை, எங்கள் வீட்டிலிருந்து வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கை கழுவ பாத்ரூமுக்குப் போனவர் ஒரு சின்ன பாட்டிலோடு வெளியே வந்தார். என் மகள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, பாலில் போட்ட சீரியலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. என்னோடு அவள் பேசுவதெல்லாம் சரி, வேண்டாம், தெரியாது என்ற மூன்று வார்த்தைகளுக்குள் முடிந்துவிடும். அக்கா அவள் முன்னால் பாட்டிலை ஆட்டினார்.

"பாப்பா, இது என்னது? சொட்டு மருந்து மாதிரி இருக்கு. மூக்குல விடுறதா?"

அவள் சிரித்துவிட்டாள். ஒரு இயர்போனைக் கழற்றினாள். பிறகு இன்னொன்றையும் கழற்றினாள். அது சீரம் ஆன்ட்டி, முகத்துக்கு, என்று ஆரம்பித்தவள் எழுந்துபோய் மற்ற பாட்டில்களையும் அள்ளிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். எது காலையில், எது ராத்திரி, எதற்குப் பின் எது, எதை ஆன்ட்டி தொடவே கூடாது. சீரியல் பாலில் ஊறிக் கூழாகிப்போனது.

வாரா வாரம் பாத்ரூமைத் துடைக்கும்போது அந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் துடைத்து, அதே இடத்தில் அதே வரிசையில் வைத்தவள் நான். எந்த பாட்டிலின் மூடி தளர்ந்திருக்கும், எது தீரப்போகிறது என்பது எனக்குத் தெரியும். எது எதற்கு என்று மட்டும் தெரியாது. கேட்டால், உனக்குப் புரியாதும்மா என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு பயம். அவள் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கேட்டதே இல்லை, அப்புறம் எப்படிச் சொல்வாள்.

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் வர ஆரம்பித்தார் அக்கா. அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். வீட்டுப்பாடம் செய்துவிட்டேன் டீச்சர், ராத்திரி முகம் கழுவாமல் தூங்கவில்லை டீச்சர் என்பார். என் மகள் தமிழிலேயே பதில் சொன்னாள். வினைச்சொல்லும் முடிவும் பொருந்தாத உடைந்த தமிழ்தான். ஆனால் தமிழ். நான் அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் கேட்கப் பொறுக்காமல், அரைக்க ஒன்றும் இல்லாதபோதும் மிக்ஸியைப் போடுவேன். அக்காவுக்கு வார்த்த தோசையை மட்டும் கொஞ்சம் தடிமனாகவே வார்த்தேன். அதையும் அவர் கேட்டார்.

"ஏம்மா, பாப்பா தட்டுல முறுகலா இருக்கு, என் தட்டுல மெத்தையா இருக்கு. கல்லு சூடாகலியா?"

ஆமாம் அக்கா, கல் சூடாகவில்லை என்றேன்.

அவர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று சான்டா கிளாராவில் வந்தது. ஃபவுண்டேஷன் பூச வேண்டும் என்று அவரே கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்திருந்தார். மகள் அவரை ஜன்னல் பக்கம் இழுத்துப்போய் வெளிச்சத்தில் நிறுத்தி, தாடையில் கொஞ்சம் தடவிப் பார்த்தாள். தாடை ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். நம் ஊரில் எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் அவரும் செய்திருந்தார். தன் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பாக வாங்கியிருந்தார். பவுடர் வாங்கினாலும், ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தாலும் அந்த இரண்டு படி நமக்கு வேண்டும். மகள் தன்னுடைய பாட்டிலை எடுத்து வந்து, இன்னொரு பக்கத் தாடையில் தடவினாள். அது பூசியதே தெரியாமல் தோலோடு கலந்துவிட்டது.

அக்கா கண்ணாடியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்தனை வருஷமா நான் வேற யாரோட பவுடரையோ பூசிட்டிருந்திருக்கேன் டீச்சர்."

மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அந்த நிறம் அவளுக்கு என்னிடமிருந்து வந்தது. அவளும் நானும் ஒரே நிறம். அந்த பாட்டில் எனக்கும் அப்படியே பொருந்தியிருக்கும். தோசைக் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்த என் பக்கம் இரண்டு பேரும் திரும்பவில்லை.

திங்கட்கிழமை மைதானத்தில் அவரைக் குத்த வேண்டும் என்றே கேட்டேன். இந்த வயதில் எதற்கு அக்கா இதெல்லாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. நான் கேட்டதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு யோசித்தார்.

"நான் பாக்குறேன்ல. காலையில பல்லு வெளக்கும்போது கண்ணாடியில என் மூஞ்சிதான இருக்கு. அதைக் கொஞ்சம் கவனிப்போமேன்னு தோணுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன், உனக்கு ஆசையா இல்லையா?"

நான் யாருமே ஓடாத பக்கத்தைப் பார்த்து விசில் ஊதினேன். ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பயந்துபோய்க் காலை ஊன்றி நிறுத்தினார்கள்.

அக்காவின் நெற்றியில் இருந்த வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்ததும் மகள்தான். ஒரு சனிக்கிழமை முகம் கழுவச் சொன்னபோது அவர் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். பொட்டு இருந்த இடத்தில், சரியாகப் பொட்டின் அளவுக்கு, தோல் வெளுத்திருந்தது. மகள் அருகில் போய்ப் பார்த்து, இது நான் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, டாக்டரிடம் போங்கள் என்றாள். அவரும் போனார். பொட்டின் பசையால் வந்தது என்று டாக்டர் சொன்னாராம். பொட்டை விட்டுவிட வேண்டும், அந்த இடத்தை வெயிலிலிருந்து காப்பாற்ற வேண்டும், நிறம் மெல்ல மெல்லத் திரும்பலாம். குங்குமம்கூட அந்த இடத்தில் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றிருக்கிறார்.

அன்று முதல் அக்கா வெறும் நெற்றியோடு வந்தார். குங்குமத்தை வகிட்டில் மட்டும் வைத்துக்கொண்டார். கோயிலில் பார்த்த ஒரு மாமி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே என்று இழுத்தார். அக்கா பிரசாதத் தட்டோடு நின்றபடியே சொன்னார்.

"நேராவே கேளுங்க மாமி. அவர் நல்லாத்தான் இருக்கார். பார்க்கிங் கெடைக்காம சுத்திட்டிருக்கார்."

மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது என் கை தானாக நெற்றிக்குப் போய், பொட்டு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தது.

ஏனென்றால் என் பொட்டுக்கு அடியிலும் அதே வெள்ளை இருந்தது. அக்காவுக்கு வருவதற்கு எத்தனையோ நாள் முன்பிருந்தே இருந்தது. முதலில் மிளகு அளவு. அதை மறைக்கக் கொஞ்சம் பெரிய பொட்டாக வாங்கினேன். வெள்ளையும் பெரிதானது. இன்னும் பெரிய பொட்டு. சின்ன வயதில் கடுகுப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவள், நவராத்திரிக்கு வேஷம் போட்டவள் மாதிரி ஒரு ரூபாய் அளவு மெரூன் பொட்டோடு மைதானத்தில் நின்றேன். குளித்துவிட்டு வரும்போது கதவுக்கு உள்ளேயே பொட்டை ஒட்டிக்கொண்டுதான் வெளியே வருவேன். கணவர் பார்த்ததில்லை. மகள் பார்த்ததில்லை. அக்காவின் நெற்றியை என் மகள் இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பியதைப் பார்த்தபோது, எனக்கு நெஞ்சில் புகை மண்டியது. அதே நோய். அதே இடம். ஆனால் அவள் கை போனது அவருடைய முகத்துக்கு.

இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த நாட்களில் அக்காவின் அழகு கூடியிருந்தது என்று சொல்ல முடியாது. அதே முகம்தான். காலையில் கழுவி, க்ரீம், சன்ஸ்கிரீன், உதட்டுக்கு லேசாக ஒரு நிறம். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் அவருடைய முகத்தில் யாரோ தினமும் அக்கறையோடு வந்து போகிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கும் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

வசந்த காலத்தில் அவர் கணவரின் ஆபீஸ் டெக்சஸுக்கு மாறியது. ஆஸ்டினில் வீடு பார்த்துவிட்டார்கள். பள்ளி விடுமுறை விட்டதும் கிளம்புவதாகச் சொன்னார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதே கோடை முடியும்போது மகளும் கல்லூரிக்கு சான் டியேகோ போகிறாள். அவர் போய்விட்டாலும் எனக்கு மிச்சம் இருப்பது சில வாரங்கள்தான். அதற்குள் அவள் என்னோடு ஒரு முறையாவது உட்கார்ந்து பேச வேண்டும். பேசாமலே போய்விட்டால், அப்புறம் லீவுக்கு வரும் விருந்தாளிதான்.

விடைபெற வந்த அன்று மகள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பள்ளியில் முதல் நாள் விட்டுவிட்டு வந்தபோதுகூட அவள் எனக்காக அழுததில்லை. கையாட்டிவிட்டு உள்ளே போனவள். நான் பக்கத்தில் நின்று, அக்காவின் சேலையை அவள் கண்ணீர் நனைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அக்கா என்னிடம் வந்தார். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் என் நெற்றியில் ஒரு கணம் கூடுதலாக நின்றது. உலகத்தில் எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்கிறவர். இப்போது கேட்கப் போகிறார், மகள் முன்னாலேயே கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா," என்றார். "அந்தப் பருப்புப் பொடிக்குப் பூண்டை வறுத்துப் போடுவியா, பச்சையாவா?"

வறுத்துத்தான் அக்கா என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வீடு அமைதியாக இருந்தது. மகள் தன் அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் பாதி அடைத்த பெட்டி திறந்து கிடந்தது. நான் தோசைக்கு மாவைக் கரைத்து வைத்துவிட்டு, கல்லைப் போடாமல் நின்றேன். இன்றைக்கு யார் மீதும் பழி போட முடியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் இருக்கிறாள், நான் இருக்கிறேன்.

பாத்ரூமுக்குப் போனேன். பொட்டை எடுத்தேன். முகத்தைக் கழுவினேன். வெள்ளை முன்பைவிடப் பெரிதாகியிருந்தது, ஓரங்கள் சீராக இல்லை. திரும்ப ஒட்டிக்கொள்ளலாம் என்று கை போனது. ஒட்டாமல் அப்படியே அவள் அறை வாசலுக்குப் போய், வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்ன பிள்ளை மாதிரி நின்றேன்.

"பாப்பா, எனக்கு ஒண்ணும் தெரியாது. இதைக் கொஞ்சம் பாரேன்."

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ரொம்ப நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தவள் முகம் மாதிரி இருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ம்."

"யார் சொன்னா?"

"ஆன்ட்டிதான். உன் பொட்டு பெரிசா பெரிசா ஆகுது, அம்மாக்கும் இருக்கும்னு சொன்னாங்க. ரொம்ப நாள் முன்னாடி." தமிழ்ச் சொல் கிடைக்காமல் கொஞ்சம் நிறுத்தினாள். "நான் அம்மாவைக் கேக்குறேன்னு சொன்னேன். ஆன்ட்டி நோ சொன்னாங்க. நீ கேக்காத. அம்மாவே வந்து காட்டுவா, வெயிட் பண்ணுன்னாங்க."

சீனத்து அம்மாளிடம் கீரையைக் கேட்டவர். இரண்டாம் வகுப்புப் பெண்ணிடம் காதைக் காட்டியவர். தோசை ஏன் தடிமன் என்று என்னிடமே கேட்டவர். இந்த ஒன்றைக் கேட்கவில்லை. மாதக்கணக்கில் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் எதிரில் உட்கார்ந்து, என் பொட்டைப் பார்த்துக்கொண்டே கேட்காமல் இருந்திருக்கிறார். என் மகளையும் கேட்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார். கேட்பதுதான் அவருக்குத் தெரியும், கேட்காமல் இருப்பதாவது என் வித்தையாக இருக்கட்டும் என்று இத்தனை நாள் எனக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. அதையும் என்னைவிட நன்றாகத்தான் செய்திருக்கிறார். கண் நிறைந்துவிட்டது. அப்போதும் பொறாமைதான் முதலில் வந்தது, நன்றி அதன் பின்னால்தான் வந்தது.

மகள் என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்தாள். திங்கட்கிழமை டாக்டருக்கு அவளே போன் செய்வதாகச் சொன்னாள். முகத்தை ஏன் இவ்வளவு அழுத்தித் துடைத்தாய், சிவந்திருக்கிறது பார் என்று கடிந்துகொண்டாள். கடலை மாவை எவ்வளவு நாளாகத் தேய்க்கிறாய் என்று கேட்டாள். வெயிலில் நிற்கிறாயே, இத்தனை நாள் ஒன்றும் போடவில்லையா என்று கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஆன்ட்டி முதல் தடவையே இதையெல்லாம் சரியாகச் செய்தார்கள் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன்.

உள்ளங்கையில் க்ரீமைப் பிதுக்கி, விரலால் தொட்டு, என் முகத்துக்கு மேல் குனிந்தாள்.

"கண்ணை மூடும்மா."

நான் மூடவில்லை. அவள் முகம் அவ்வளவு பக்கத்தில் வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.